பயத்தைச் சொல்லிவிடும் மனிதர்

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. அவர் இப்போது உயிரோடு இல்லை. ஆனால் அவருடைய மனைவி இருக்கிறார், நாங்கள் வேலை பார்த்த அலுவலகம் இருக்கிறது, அங்கே பாதிப் பேருக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. நானும் அந்தப் பாதியில் ஒருத்தி. கொழும்பில் இருக்கிற சுகாதாரப் பிரிவு அலுவலகங்களில் அதுவும் ஒன்று என்று சொன்னால் போதும்.

"எனக்குப் பயமா இருக்கு" என்பார். பசிக்கிறது, புழுக்கமாக இருக்கிறது என்று மற்றவர்கள் சொல்வதுபோலத்தான் இதைச் சொல்வார். முதல் தடவை கேட்டபோது பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். ஏனென்றால் ஆள் அவ்வளவு பெரியவர். கதவால் வரும்போது ஒரு தோளை முன்னால் விட்டுச் சாய்ந்துதான் வர வேண்டும். நரைத்த கட்டை மீசை. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். சந்தியில் அவர் சும்மா நின்றாலே அவரோடு சண்டை கொழுவ வருகிறவன் ஒருதரம் யோசிப்பான். அந்த உடம்பு, ஒரு நாய்க்குட்டியைக் கண்டால் வீதியின் அந்தப் பக்கம் போய்விடும்.

லிஃப்ட் என்றால் பயம். இடி பயம். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் அது அடித்து ஓயும்வரை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். பஸ்ஸில் கதவுக்குப் பக்கத்து சீட், கூட்டத்தில் கதவுக்குப் பக்கத்துக் கதிரை. ஏன் என்று கேட்டால், "இங்க இருந்தா ஓடுறது லேசு தங்கச்சி" என்பார். எதையும் மறைக்கமாட்டார். எங்கள் சிங்களச் சக ஊழியர்கள் அவரை 'லொக்கு அய்யே' என்று கூப்பிட்டார்கள், பெரிய அண்ணன் என்று. பின்னால் சிரிக்கும்போதும் அதே பெயர்தான்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அம்மாவோடு வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்பகுதியில் வாடகைக்கு இருந்தேன். டெங்கு கள உதவியாளர் என்பது வேலையின் பெயர். வீடு வீடாகப் போய் தண்ணீர்த் தொட்டி, பூச்சாடி, கூரைப் பீலி, பழைய டயர் எல்லாம் பார்த்து, நுளம்பின் புழுவான குடம்பி இருக்கிறதா என்று தேட வேண்டும். ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். சில மாதங்களுக்கு ஒருதரம் அதைப் புதுப்பிப்பார்கள், அல்லது புதுப்பிக்கமாட்டார்கள். அவர் எங்களுக்கு மேற்பார்வையாளர். அவருடைய வேலை நிரந்தரம். எங்கள் கிளைத் தொழிற்சங்கத்தின் செயலாளரும் அவர்தான். வேறு யாரும் அந்தப் பொறுப்புக்கு வராததால் அவர் தலையில் விழுந்தது என்று சொன்னார்கள். இவ்வளவு பயப்படுகிற ஒரு மனிதர் எங்களுக்காக யாரிடம் என்ன கேட்கப் போகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நாடு கையில் காசில்லாமல் நின்ற அந்த வருடத்துக்குப் பிறகு, கொழும்பில் பாதி கட்டிய மாடிகள் பல அப்படியே நின்றுவிட்டன. கிரேன் அசையாது. வேலையாட்கள் போய்விட்டார்கள். மழைத் தண்ணீர் மட்டும் நிலக்கீழ்த் தளங்களில் நிறைந்து கறுத்துக் கிடந்தது. நுளம்புக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஆகவே நாங்கள் அங்கேதான் போக வேண்டியிருந்தது.

அப்படியான ஒரு கட்டடத்துக்கு என்னை முதன்முதல் கூட்டிப்போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம். கூட சதுரியும் வந்தாள். அவள் என் வயதுச் சிங்களப் பெண், என்னைப் போலவே ஒப்பந்தத்தில் இருந்தவள். கேற்றடியில் அவர் நின்று மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

"எனக்குப் பயமா இருக்கு. ஒங்களுக்கு?" என்று எங்களைக் கேட்டார்.

சதுரி சிரித்துக்கொண்டு தலையாட்டினாள். அவளுக்கு இந்தக் கேள்வி பழக்கம்போல. நான் புதியவள், கெட்டிக்காரி என்று பெயர் எடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

"எனக்கு ஒண்டும் பயமில்லை அண்ணை" என்றேன்.

"அப்ப நீங்க இங்கயே நில்லுங்க தங்கச்சி."

சொல்லிவிட்டு சதுரியைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். வெயிலில் நான் நெடுநேரம் நின்றேன். கோபத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெளியே வந்தபோது அவருடைய சேர்ட் முழுவதும் வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. என்னைப் பார்த்து, "பயமில்லன்னு சொல்ற ஆளோட நான் எறங்க மாட்டேன். அவங்க கால் வைக்கிற எடத்தப் பாக்க மாட்டாங்க. அவங்களத் தூக்குற பலம் எனக்கு இருக்கு, தைரியம் இல்ல" என்றார்.

அடுத்த தடவை நான் உண்மையைச் சொன்னேன். உள்ளே போனபிறகு அது இன்னும் உண்மையாகியது. வெளிச்சம் படிப்படியாகக் குறைந்து, ஒரு இடத்தில் இல்லாமலே போனது. சுவரிலிருந்து கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றன. லிஃப்ட் வர வேண்டிய இடத்தில் கதவில்லை, வெறும் குழி. அதன் விளிம்பு எது, தண்ணீர் எது என்று டோர்ச் வெளிச்சத்தில்கூடத் தெரியவில்லை. அவர் ஒரு நீளத் தடியால் தரையைத் தட்டித் தட்டி முன்னே போனார். மறு கை சுவரை விட்டு எடுபடவில்லை. போகப் போகச் சொல்லிக்கொண்டே வந்தார்: "இப்ப எனக்கு நெஞ்சு அடிக்குது. கொஞ்சம் நில்லுங்க. சரி. இப்ப வாங்க. இந்த எடம் எனக்குப் புடிக்கல, சுத்திப் போவோம்." அவருடைய அந்தப் பெரிய முதுகைப் பார்த்துக்கொண்டு நாங்கள் இருவரும் போனோம். நீளப் பிடி வைத்த அகப்பையால் தண்ணீரை மொண்டு வெளிச்சத்தில் பிடித்தபோது, அதில் குடம்பிகள் கொத்துக் கொத்தாக நெளிந்தன.

பிறகு ஆட்கள் குறையத் தொடங்கினார்கள். ஒரு பரிசோதகர் குடும்பத்தோடு கனடா போனார். இன்னொருவர் இத்தாலி. கள உதவியாளர்களில் சிலர் கொரியாவுக்கு, சிலர் குவைத்துக்கு. புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். வெறுமையான கதிரைகளில் புகை அடிக்கும் இயந்திரங்களை வைத்தோம். பகுதி அதே பகுதி, மழை அதே மழை, காய்ச்சல் மட்டும் கூடிக்கொண்டு போனது.

அந்த நேரத்தில்தான் புதிய பொறுப்பதிகாரி வந்தார். நாங்கள் அவரை 'சேர்' என்றே அழைத்தோம். மடிப்புக் கலையாத சேர்ட், மெல்லிய குரல். ஒருநாளும் சத்தம் போட்டுப் பேசியதில்லை. அவரிடம் எனக்கிருந்த பயத்துக்கு அந்த மெல்லிய குரல்தான் காரணம். முதல் கூட்டத்திலேயே சிங்களத்தில் அமைதியாகச் சொன்னார்: இரண்டு பேர் சேர்ந்து போவது ஆள் விரயம், நாளையிலிருந்து ஒவ்வொருவரும் தனியே போக வேண்டும்.

நாங்கள் குனிந்து அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டோம். அந்த மாதக் கடைசியில் எங்கள் ஒப்பந்தம் முடிகிறது என்று எல்லோருக்கும் தெரியும். கதவடியில் ஒரு கதிரை கிறீச்சிட்டது. அவர் எழுந்து நின்றார். கைகள் நடுங்கின, மறைக்காமல் முன்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"சேர், மட்ட பயய்" என்றார். எனக்குப் பயமாக இருக்கிறது என்று சிங்களத்தில்.

சேர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கலாம் என்ற அனுமதி கிடைத்த மாதிரிச் சிரித்தார்கள்.

"எதுக்குப் பயம்? நுளம்புக்கா?"

"ஒங்களக் கண்டும் எனக்குப் பயம்தான் சேர். ஆனா அந்தக் குழிகள நெனச்சா அதவிடப் பயம். பொம்பளப் புள்ளைங்கள அங்க தனியா அனுப்ப ஏலாது."

சிரிப்பு நின்றது. சேர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பயப்படுகிறவர்கள் வேறு வேலை தேடலாம்" என்று அதே மெல்லிய குரலில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தவ, அகப்பையோடு நின்றுவிட்டா. "நீ ஒண்டும் கதைக்காத பிள்ளை. தமிழ்ப் பிள்ளை, உனக்கேன் யூனியன்? அந்த மனுசன் நிரந்தரம், அவர் கதைப்பார். உன்னை ஆர் கேப்பினம்?" என்றா. அம்மாவின் பயத்தில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எனக்கு வேலை போனால் அடுத்த மாதம் நாங்கள் அந்த அறையில் இருக்க முடியாது.

சதுரி விழுந்தது அதற்குப் பிறகு.

அன்று காலை நான் அலுவலகத்தில் இருந்தேன். சேர் அவளைக் கூப்பிட்டு, கொம்பனித்தெருவில் பாதியில் நிற்கிற ஒரு மாடியின் பெயரைச் சொல்லி, நிலக்கீழ்த் தளத்தைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். நாளைக்கு நானும் அவளும் சேர்ந்து போகலாமா என்று அவள் கேட்டாள். "இன்று" என்றார். ஒரு சொல்தான். அவர்களுக்குப் பின்னால் என் மேசை. அந்தச் சொல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

மத்தியானத்துக்குக் கிட்ட அந்தக் கட்டடத்துக்குக் காவல் நிற்கிற வோச்சர் ஏதோ முனகல் கேட்டு உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார். லிஃப்ட் குழிக்குள், கழுத்தளவு தண்ணீரில், ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். இடுப்பு எலும்பு முறிந்துபோய்விட்டது. கத்திக் கத்திக் குரல் போய்விட்டதால் முனகல்தான் மிச்சம். அவளை வெளியே எடுத்தபிறகும் அந்தக் கம்பியை விட வைக்கப் பெரும்பாடு பட்டதாக வோச்சர் சொன்னார்.

ஆஸ்பத்திரி நடையில் நானும் எங்கள் மேற்பார்வையாளரும் உட்கார்ந்திருந்தோம். சதுரியின் தாய் உள்ளே அழுதுகொண்டிருந்தா. அவர் தன் முழங்கால்களை இரண்டு கையாலும் அமர்த்திப் பிடித்திருந்தார்.

"இப்ப எனக்கு ரொம்பப் பயமா இருக்கு தங்கச்சி."

"தப்பிவிட்டாள்தானே அண்ணை. டொக்டர் சொன்னார்தானே."

"அதுக்கு இல்ல. நாளைக்கு இவங்க என்ன சொல்லப் போறாங்கன்னு யோசிக்கிறேன்."

அவர் பயந்ததுதான் நடந்தது. சதுரியை அங்கே போகும்படி யாரும் சொல்லவில்லை, தன் சொந்த விருப்பத்தில் போயிருக்கிறாள் என்று அலுவலகத்தில் பேச்சு வந்தது. கடமையில் நடந்த விபத்து இல்லை என்றால் நட்டஈடு இல்லை, சிகிச்சைக்கு உதவி இல்லை, அவளுடைய ஒப்பந்தமும் அதோடு முடிந்துவிடும். தலைமை அலுவலகத்திலிருந்து இருவர் வந்து, சேரும் சேர்ந்து, எங்களை ஒவ்வொருவராக விசாரிப்பார்கள் என்று அறிவித்தார்கள்.

விசாரணை நாளில் அவர் காலையிலேயே வந்து அந்த அறை வாசலில் இருந்த மர வாங்கில் உட்கார்ந்துவிட்டார். சங்கத்தின் சார்பில் எங்களோடு உள்ளே வர அனுமதி கேட்டிருந்தார், கிடைக்கவில்லை. ஆகவே வெளியே இருந்தார். உள்ளே போகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி மெதுவாக ஏதோ சொன்னார். என் முறை வந்தது.  அம்மாவின் குரல் காதுக்குள்ளேயே நின்றது.

"தங்கச்சி, ஒங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்றதும் சொல்லாததும் ஒங்க இஷ்டம். நான் ஒங்கள ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றார். "ஆனா உள்ள போனதும் மொதல்ல பயமா இருக்குன்னு சொல்லிருங்க. அத மறைக்கப் பாத்தீங்கன்னா அவங்களுக்குத் தெரிஞ்சிரும். பொறகு அத வச்சே ஒங்கள அமுக்குவாங்க."

உள்ளே குளிராக இருந்தது. ஏசி சத்தம். சேர் என்னைப் பார்த்துப் புன்னகைத்து, என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது அல்லவா என்று விசாரித்தார். சுகம் விசாரிப்பது போலத்தான் கேட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெண் அதிகாரி நிமிர்ந்து அவரைப் பார்த்தா.

நான் தட்டுத் தடுமாறிய சிங்களத்தில், எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னேன்.

"யாரைக் கண்டு பயம்?" என்று அந்த அதிகாரி கேட்டா.

நான் சேரைக் காட்டினேன். கையைத் தூக்கியபிறகுதான் என்ன செய்தேன் என்று விளங்கியது. அதற்குப் பிறகு மறைக்க ஒன்றுமில்லை. சதுரி நாளைக்குப் போகலாமா என்று கேட்டதையும், 'இன்று' என்று அவர் சொன்னதையும் சொன்னேன். அறையை விட்டு வெளியே வந்தேன். அவர் வாங்கில் இடம் விட்டார். 

எங்களில் சிலர் உண்மையைச் சொன்னார்கள். சிலர் தங்கள் காதில் ஒன்றும் விழவில்லை என்றார்கள். ஆனால் அது போதுமாக இருந்தது. கடமையில் நடந்த விபத்து என்று தலைமை அலுவலகம் ஏற்றுக்கொண்டது. சதுரிக்கு சிகிச்சையும் நட்டஈடும் கிடைக்கும் என்றானது.

சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. மாதம் முடிந்துகொண்டிருந்தது. மற்ற எல்லாப் பிரிவுகளிலும் ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்பட்டுவிட்டன, எங்கள் பிரிவில் மட்டும் ஒரு அசைவும் இல்லை. உண்மை சொன்னவர்கள், சொல்லாதவர்கள் எல்லோருக்கும் ஒரே நிலைமை. சொல்லாதவர்கள் எங்களை முறைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். தேநீர் நேரத்தில் நான் போய் இருந்தால் மேசை வெறுமையாகும். சேர் நடையில் என்னைக் கடந்து போகும்போதெல்லாம் "எப்படி அம்மாவின் சுகம்?" என்று கேட்பார். எனக்கு அம்மா இருக்கிறா என்பதை நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த நாட்களில் வீட்டில் கேற் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்பேன். அம்மா சாமான்களைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கியிருந்தா.

வேலைநிறுத்தம் செய்வது என்று பேச்சு எழுந்தது. மழைக்காலத்தில் நாங்கள் வேலையை நிறுத்தினால் சேரின் பெயர் மேலிடத்தில் கெடும் என்று எல்லோருக்கும் தெரியும். சங்கக் கூட்டம் கூடியது. எல்லோரும் செயலாளரைப் பார்த்தார்கள். அவர் வழக்கம்போலக் கதவடியில் நின்றார். முகம் சாம்பல் நிறமாக இருந்தது.

"நான் செயலாளர் பதவிய விடுறேன்" என்றார். "வேலைநிறுத்தம் வேணாம். எனக்கு மயான ஒஃபிஸுக்கு மாத்தம் வந்திருக்கு. நாளைக்கு அங்க போறேன். எனக்குப் பயமா இருக்கு."

 பின்னாலிருந்து ஒருவன் சிங்களத்தில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். இன்னொருவன், "நாங்கள்தான் மடையர்கள், இந்த ஆளே தினமும் சொன்னாரே" என்றான். யாரோ தரையில் காறித் துப்பினார்கள். அவர் துடைப்பதற்குத் துணி தேடுபவர் போல அங்குமிங்கும் பார்த்துவிட்டு, சாய்ந்து கதவால் வெளியே போனார்.

அந்தக் கிழமைக்குள் எங்கள் எல்லோருடைய ஒப்பந்தங்களும் புதுப்பித்து வந்தன. நிலக்கீழ்த் தளங்களுக்கு இருவர் சேர்ந்தே போக வேண்டும் என்ற உத்தரவும் வந்தது. விசாரணைக்குப் பயந்து சேர் இறங்கி வந்துவிட்டார் என்று பேசிக்கொண்டோம். மயானத்துக்குப் போனவருடைய கதை வேறு விதமாக ஓடியது. மயானத்தில் வெயில் நன்றாக ஏறும்வரை ஒஃபிஸ் கதவைத் திறக்கமாட்டாராம், பிரேத வண்டி வந்தால் கொங்கிறீட் தூணுக்குப் பின்னால் போய் நிற்பாராம். சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மழைக்கு அடுத்த மழை வந்தது. நாங்கள் இருவர் இருவராகக் குழிகளுக்குள் இறங்கி ஏறினோம். யாரும் விழவில்லை.

சேர் வேறு திணைக்களத்துக்கு மாற்றலாகிப் போன பிறகுதான் எல்லோரும் நானா என்று கூப்பிடுகிற பெரியவர் வாயைத் திறந்தார். நானா எங்கள் அலுவலகத்துப் பியூன், மாளிகாவத்தைக்காரர், ஓய்வு பெறுகிற வயது. சேரின் அறைக்குள் தேநீர் கொண்டு போய் வருவது அவர்தான். ஒரு மத்தியானம் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"தங்கச்சி, ஒரு விசயம் செல்லோணும். இவ்வளவு நாளும் வயித்துக்குள்ள வெச்சிக்கொண்டு ஈந்தேன். சேர் இங்க இருக்கும்வரைக்கும் செல்லப் பயம். எனக்கும் புள்ளகுட்டி ஈக்கிதானே."

சங்கக் கூட்டத்துக்கு முன் சேர் செயலாளரைத் தன் அறைக்குக் கூப்பிட்ட நாளில் நானா உள்ளே இருந்திருக்கிறார். வேலைநிறுத்தம் நடக்கக் கூடாது, நீ பதவியை விட்டுவிட்டு நான் அனுப்பும் இடத்துக்குப் போக வேண்டும், அப்படியானால் எல்லா ஒப்பந்தங்களையும் புதுப்பிக்கிறேன், இருவர் போகலாம் என்ற உத்தரவையும் தருகிறேன், இது வெளியே தெரிந்தால் அடுத்த தடவை யாருக்கும் வேலை இருக்காது. சேர் சொன்னது இவ்வளவுதான், அதே மெல்லிய குரலில்.

"அதுக்கு அவர் என்ன செல்லினார் தெரியுமா? 'சேர், எனக்கு ஒங்களப் பயம். அதுனால நீங்க மொதல்ல கையெழுத்துப் போடுங்க, நான் பொறகு போறேன்' எண்டு செல்லினார். உடம்பெல்லாம் நடுங்குது, நான் கண்ணால கண்டேன். ஆனா எடத்த விட்டு அசையல்ல. கடைசிக் கையெழுத்து விழும்வரைக்கும் அப்புடியே நிண்டார். நான் கொண்டு போன டீ ரெண்டும் ஆறிப் போச்சு."

நான் அன்றைக்கு எங்கள் தேநீர் மேசையில் எல்லோருக்கும் அதைச் சொன்னேன். துப்பியவன் யார் என்று எனக்கு அதுவரை தெரியாது. அன்று ஒருவன் எழுந்து வெளியே போனான், பின்னேரம்வரை திரும்பி வரவில்லை.

சதுரி அப்போது கைத்தடியோடு வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு உள்வேலை கொடுத்திருந்தார்கள். "நாளைக்கே போவோம்" என்றாள்.

அவர் ஓய்வு பெற்றிருந்தார். இருதய வருத்தம். கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய தொடர்மாடியின் மேல் தளத்தில் வீடு, லிஃப்ட் கிடையாது. சதுரி ஒவ்வொரு படியாக ஏறினாள். கதவைத் திறந்தவர் எங்களைப் பார்த்ததும் பின்வாங்கினார். உடம்பு பாதியாகியிருந்தது. சதுரி தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, குனிய முடியாத இடுப்போடு அவர் காலைத் தொட்டு வணங்கப் போனாள். அவர் அவளுடைய தோள்களைப் பிடித்துத் தடுத்துக் கதிரையில் இருத்தினார்.

அவருடைய மனைவி பிளேன்டீயும் பிஸ்கட்டும் கொண்டு வந்தா. மயானத்தைப் பற்றிக் கேட்டேன். "ரொம்பப் பயமா இருந்திச்சு தங்கச்சி. கடைசி நாள் வரைக்கும் பழகல" என்றார். மனைவி என்னைப் பார்த்து, "வேலைக்குப் போற ஒவ்வொரு நாளும் காலையில வாந்தி எடுப்பாரு. பொறகு மொகத்தக் கழுவிட்டுப் போவாரு" என்றா.

சதுரி சிங்களத்தில் கேட்டாள்: "ஏன் அய்யே எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். சிங்களத்திலேயே பதில் சொன்னார், கோபமோ வருத்தமோ இல்லாமல். "சொன்னேனே. எனக்குப் பயமாக இருக்கிறது என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். எதற்குப் பயம் என்று ஒருவரும் கேட்கவில்லை."

 சதுரி கையிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்தான் பேச்சை மாற்றினார். இந்த மழைக்கு எந்தப் பகுதியில் காய்ச்சல் கூட, புதிதாக ஆள் எடுத்தார்களா, என் அம்மா எப்படி என்று கேட்டார்.

நாங்கள் புறப்பட்டபோது அவரும் கூட வந்தார். வேண்டாம், நெஞ்சு வருத்தக்காரர் என்று மனைவி சொன்னா, நானும் சொன்னேன். கேட்கவில்லை. படிக்கட்டு செங்குத்தாக, மழைச் சாரல் விழுந்து ஈரமாக இருந்தது. ஏறுவதைவிட இறங்குவதுதான் சதுரிக்குக் கஷ்டம். அவர் அவளுக்கு முன்னால் போய், அவளைப் பார்த்தபடி திரும்பி நின்றார். ஒரு கையால் கைப்பிடிச் சுவரைப் பற்றி, மறு கையை அவளுக்கு முன்னால் விரித்து வைத்துக்கொண்டு, பின்பக்கமாக ஒரு படி இறங்கினார். காலால் அடுத்த படியைத் துழாவித் தேடி, இன்னொரு படி.

"நான் விழமாட்டேன் அய்யே" என்றாள் சதுரி.

அவருக்கு மூச்சு வாங்கியது. நெற்றியில் வியர்வை வழிந்து கண்ணுக்குள் இறங்கியபோதும் அவள் காலிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. தளத்துக்குத் தளம் நின்று, பிறகு மறுபடி இறங்கினார். சதுரி அழுதுகொண்டே இறங்கினாள். நான் அவளுக்குப் பின்னால் அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

கடைசிப் படிக்கு வந்ததும் அவர் அதிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு கையைத் தூக்கி வீதியில் போன ஒரு த்ரீவீலை மறித்து, டிரைவரை மெதுவாகப் போகச் சொன்னார்.